வசியமா, அறிதுயிலா? டாக்டர் ஜேம்ஸ் பிரெய்டின் கதை



பழைய படங்களில் இந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் சங்கிலியில் தொங்கும் கடிகாரத்தை இன்னொருவர் முகத்துக்கு முன்னால் ஆட்டுவார். எதிரே இருப்பவரின் கண் சொருகும். அதற்குப் பிறகு அவர் சொன்னபடியெல்லாம் ஆடுவார். இரும்புப் பெட்டியின் சாவி எங்கே இருக்கிறது என்பது வரை எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். அதைப் பார்த்த நம்மில் பாதிப் பேர், அந்தக் கோட்டுக்காரருக்கு ஏதோ சக்தி இருக்கிறது என்று நினைத்திருப்போம். மீதிப் பேர் எல்லாமே ஏமாற்று வேலை என்று ஒதுக்கியிருப்போம்.

இந்த இரண்டு எண்ணமும் தவறு என்று 180 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு டாக்டர் சோதித்துக் காட்டிவிட்டார். அவர் பெயர் ஜேம்ஸ் பிரெய்டு. கனவுகளை ஆராய்ந்த ஃப்ராய்டு வேறு, இவர் வேறு. ஹிப்னாட்டிசம் என்ற சொல்லை உலகத்தில் நிலைக்க வைத்தவர் இவர்தான்.

இந்தக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். இன்று நாள்பட்ட வலிக்கும், குடல் கோளாறுக்கும், பல் டாக்டரின் நாற்காலியைக் கண்டாலே வரும் பயத்துக்கும் இந்த முறையை உண்மையான டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். இதே பெயரைச் சொல்லி, எந்த நோயையும் ஒரே நாளில் தீர்ப்பதாகப் பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். நம் வீட்டில் ஒருவருக்கு அந்தப் பேச்சு வரும்போது வீணாகப் பயப்படவும் கூடாது, ஏமாறவும் கூடாது. அதற்கு பிரெய்டின் வாழ்க்கை நல்ல துணை.

தொடங்குமுன் ஒன்று. ஹிப்னாட்டிசத்துக்குத் தமிழில் இரண்டு சொற்கள் புழங்குகின்றன. ஒன்று மனவசியம், இன்னொன்று அறிதுயில். இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

சுரங்க ஊரிலிருந்து மான்செஸ்டருக்கு

பிரெய்டு 1795 ஜூன் 19 அன்று ஸ்காட்லாந்தில் பிறந்தார். அந்தக் கால வழக்கப்படி, எடின்பரோவை ஒட்டிய லீத் துறைமுக ஊரில் அறுவை மருத்துவர்களிடம் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் பழகினார். கூடவே எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பாடமும் கேட்டார். 1815இல் எடின்பரோ அறுவை மருத்துவர் கல்லூரியின் தகுதி கிடைத்தது. முதல் வேலை லெட்ஹில்ஸ் என்ற ஈயச் சுரங்க ஊரில். அடுத்து டம்ஃப்ரீஸ் என்ற சிற்றூரில் சொந்தமாகத் தொழில் நடத்தினார்.

அங்கே ஒருநாள் குதிரை வண்டி கவிழ்ந்து மான்செஸ்டர்க்காரர் ஒருவருக்குக் காயம் பட்டது. பிரெய்டு அவரைக் குணப்படுத்தினார். இப்படிப்பட்ட கைராசிக்காரர் இந்தச் சின்ன ஊரில் இருக்கலாமா என்று அவர் வற்புறுத்த, 1828இல் பிரெய்டு மனைவி மார்கரெட்டையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மான்செஸ்டருக்குக் குடிபெயர்ந்தார். கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிறோமே, அந்த அசல் மான்செஸ்டர்தான். பஞ்சாலைகளும் புகைபோக்கிகளும் நெருக்கியடித்து வளர்ந்துகொண்டிருந்த நகரம். பிறவியிலேயே பாதம் வளைந்த குழந்தைகளுக்கு நரம்புநாண்களை வெட்டிச் சரிசெய்வதில் பிரெய்டு அங்கே பெயர் எடுத்தார். மாறுகண்ணுக்கும் அறுவை செய்தார்.

ஒரு விஷயத்தை இங்கே நினைத்துப் பாருங்கள். அறுவை அரங்கில் ஈதர் மயக்கம் வெளியுலகுக்குத் தெரிந்ததே 1846 அக்டோபரில்தான். குளோரோஃபார்ம் அதற்கு அடுத்த ஆண்டு. அதுவரை நோயாளி முழு நினைவோடு கத்திக்குக் கிடக்க வேண்டும். வலியைக் கொஞ்சம் குறைக்க முடியும் என்று யார் சொன்னாலும் ஓர் அறுவை மருத்துவரால் அதைக் காதில் வாங்காமல் இருக்க முடியாது.

மெஸ்மர் விட்டுச் சென்ற குழப்பம்

அப்படிச் சொன்னவர்கள் மெஸ்மரின் வழியில் வந்தவர்கள். ஃபிரான்ஸ் மெஸ்மர் வியன்னாவில் படித்த டாக்டர். எல்லா உயிர்களுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்தத் திரவம் ஓடுகிறது, அது தடைபட்டால் நோய், தன் கையசைவால் அதைச் சீர்செய்ய முடியும் என்பது அவர் கொள்கை. 1778இல் பாரிசுக்கு வந்தார். கூட்டம் அலைமோதியது.

1784இல் ஃபிரெஞ்சு அரசர் ஒரு குழு அமைத்தார். பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் வேதியியல் மேதை லவாசியேவும் அதில் இருந்தார்கள். ஃபிராங்க்ளினின் தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்கு மட்டும் காந்தம் ஏற்றினார்கள். பிறகு ஒரு சிறுவனைக் கண்ணைக் கட்டி மரம் மரமாக அழைத்துப் போனார்கள். காந்தம் ஏற்றாத ஒரு மரத்தடியிலேயே அவன் மயங்கி விழுந்தான். காந்தத் திரவம் என்று எதுவும் இல்லை, நடப்பதெல்லாம் கற்பனையின் வேலை என்று குழு எழுதிக் கொடுத்தது.

தீர்ப்பு சரிதான். ஆனால் அந்தக் கற்பனை எப்படி ஒரு சிறுவனைத் தரையில் சாய்க்கிறது என்று யாரும் மேலே கேட்கவில்லை. அறிஞர்கள் கோப்பை மூடிவிட்டார்கள். மெஸ்மரின் சீடர்களோ ஊர் ஊராகப் போய் வித்தை காட்டிக்கொண்டே இருந்தார்கள்.

கண்ணிமையில் கிடைத்த தடயம்

1841 நவம்பர் 13 அன்று அப்படி ஒருவர் மான்செஸ்டருக்கு வந்து மேடையேறினார். பெயர் சார்ல் லாஃபோன்டேன், ஃபிரான்ஸ்காரர். பார்க்கப் போனவர்களில் பிரெய்டும் ஒருவர். அவருக்கு வயது 46. எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்த நாடகம் என்று முடிவு கட்டிக்கொண்டேதான் போனார். முதல் நாள் பார்த்தபோது அந்த எண்ணம் மாறவும் இல்லை.

நாமாக இருந்தால் அத்தோடு விட்டிருப்போம். பிரெய்டு மறுபடி போனார். இந்த முறை வித்தைக்காரரின் கையைக் கவனிக்காமல், வசியத்துக்கு உள்ளானவரின் கண்ணைக் கவனித்தார். அந்த ஆளால் இமையைத் திறக்க முடியவில்லை. முயல்கிறார், முடியவில்லை. அது நடிப்பில்லை என்று டாக்டரின் கண்ணுக்குப் பட்டது. அப்படியானால் அங்கே ஏதோ உண்மையாகவே நடக்கிறது. ஆனால் அதற்குக் காரணம் வித்தைக்காரர் சொல்லும் காந்தம்தானா?

சில நாட்களில் வீட்டிலேயே சோதித்தார். வாக்கர் என்ற நண்பரை உட்கார வைத்து, தலைக்குச் சற்று மேலே வைத்த ஒயின் பாட்டிலின் கழுத்தை இமைக்காமல் பார்க்கச் சொன்னார். கையசைவு இல்லை, மந்திரம் இல்லை, தொடவும் இல்லை. 3 நிமிடத்தில் நண்பரின் இமைகள் மூடின, கண்ணீர் வழிந்தது, தலை சாய்ந்தது. அடுத்து மனைவி மார்கரெட். பீங்கான் சர்க்கரைக் கிண்ணத்தின் மேலிருந்த சித்திர வேலைப்பாட்டைப் பார்க்கச் சொன்னார். அவரும் அதே நிலைக்குப் போனார்.

இவர்கள் இருவருக்கும் என்ன சோதனை என்று ஓரளவு தெரியும். அதனால் மூன்றாவதாக, மெஸ்மெரிசம் என்றால் என்னவென்றே அறியாத வீட்டு வேலைக்காரரைக் கூப்பிட்டார். ஒரு மருந்து தயாராகிறது, அதில் நடக்கும் மாற்றத்தைக் கண் எடுக்காமல் கவனித்துக்கொண்டிரு என்று மட்டும் சொன்னார். இரண்டரை நிமிடத்தில் அந்த ஆளின் தாடை மார்பில் படிந்தது. எழுப்பி, 3 நிமிடம்கூட விழித்திருக்க முடியாதா என்று பொய்க்கோபத்தோடு கடிந்து அனுப்பிவிட்டு, சற்று நேரத்தில் மறுபடி கூப்பிட்டு அதே வேலையைக் கொடுத்தார். திட்டு வாங்கிய பிறகும் அதே கதைதான்.

இதில் பிரெய்டுக்கு விடை கிடைத்துவிட்டது. பாட்டிலுக்கும் சர்க்கரைக் கிண்ணத்துக்கும் காந்த சக்தி கிடையாது. எனவே விளைவு வெளியிலிருந்து வரவில்லை. ஒன்றையே உற்று நோக்கும் கண்ணும், ஒன்றிலேயே குவியும் மனமும்தான் அதை உண்டாக்குகின்றன. சக்தி வித்தைக்காரரிடம் இல்லை, உட்கார்ந்திருப்பவரிடமே இருக்கிறது. அந்த நவம்பர் முடிவதற்குள் மான்செஸ்டரில் மேடையேறி, செய்முறையோடு இதை விளக்கிவிட்டார். அறுவைக் கத்தி வைக்கும் பளபளப்பான சிறு பெட்டியை நோயாளியின் நெற்றிக்கு மேலே சில அங்குல தூரத்தில் பிடித்து உற்றுப் பார்க்கச் சொல்வதுதான் பின்னாளில் அவருடைய வழக்கமான முறை. சினிமாக் கடிகாரத்தின் தாத்தா அந்தக் கத்திப் பெட்டிதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்று பக்கமும் எதிர்ப்பு

உண்மையைச் சொன்னால் எல்லோரும் மகிழ்வார்கள் என்று நினைத்தால் நாம் ஏமாந்துதான் போவோம். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை எழுந்து பேசிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

காந்தத்தை நம்பியவர்கள், தங்கள் தொழிலின் அடிவேரையே பிரெய்டு வெட்டுகிறார் என்று கோபப்பட்டார்கள். 1842 ஏப்ரலில் லிவர்பூலில் ஹியூ மக்னீல் என்ற பாதிரியார், இவையெல்லாம் சாத்தானின் வேலை என்று பிரசங்கம் செய்தார், பிரெய்டின் பெயரையும் அதில் இழுத்தார். அந்தக் காலத்து ஆங்கிலேய நகரத்தில் ஒரு குடும்ப டாக்டருக்கு இது சாதாரண அவதூறு அல்ல. நோயாளிகள் வாசற்படி மிதிக்கப் பயந்தால் பிழைப்பே போய்விடும். பிரெய்டு ஒரு சிறு நூல் எழுதி அச்சிட்டு, ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் பதில் சொன்னார்.

அதே ஆண்டு ஜூனில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் மாநாடு மான்செஸ்டரிலேயே நடந்தது. தன் ஊரில் கூடிய அறிஞர்கள் முன் ஆய்வைப் படிக்க அனுமதி கேட்டார். மறுத்துவிட்டார்கள். பிரெய்டு சளைக்கவில்லை. மாநாட்டு நாட்களிலேயே தனியாக ஒரு கூட்டம் ஏற்பாடு செய்து, வந்திருந்த அறிஞர்களை அழைத்து, செய்தே காட்டினார்.

1843இல் அவருடைய முக்கியமான நூல் லண்டனில் வெளிவந்தது. கிரேக்கர்களின் துயில் தேவன் ஹிப்னாஸ். அந்தப் பெயரை வைத்து நரம்புத் துயில் என்ற பொருளில் ஒரு நீண்ட பெயரைச் சூட்டி, பிறகு சுருக்கி ஹிப்னாட்டிசம் என்றார். அந்த வேர்ச்சொல்லை ஃபிரெஞ்சுக்காரர்கள் சிலர் முன்பே தொட்டிருந்தாலும், பிரெய்டு சொன்ன பிறகுதான் அது ஊரெங்கும் நிலைத்தது.

அந்த நூலில் இரண்டு விஷயங்களை அவர் அழுத்திச் சொன்னார். ஒன்று, இது எல்லா நோய்க்குமான சர்வரோக நிவாரணி அல்ல, சில கோளாறுகளுக்கு மட்டும் பயன்படும் ஒரு கருவி. இரண்டு, நோயாளி மனமுவந்து ஒத்துழைக்காவிட்டால் யாராலும் அவரை இந்த நிலைக்குக் கொண்டுபோக முடியாது.

தவறு செய்தார், திருத்திக்கொண்டார்

அவரும் சறுக்கினார். மண்டையோட்டின் மேடுபள்ளங்களில் குணங்கள் குடியிருக்கின்றன என்று அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை. அறிதுயிலில் இருப்பவரின் தலையில் பக்திக்குரிய இடத்தைத் தொட்டால் அவர் மண்டியிடுகிறார் என்று பிரெய்டும் அந்த நூலிலேயே எழுதிவிட்டார். பிற்காலத்தில் அந்தக் கருத்தைக் கைவிட்டார். தொடுதலால் அது நடக்கவில்லை, எதிர்பார்ப்பால்தான் நடக்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

அந்தப் பாடம் 1846இல் கைகொடுத்தது. ரைசன்பாக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், காந்தத்திலிருந்து ஒருவகைச் சுடர் வருகிறது, நுண்ணுணர்வு உள்ளவர்கள் அதைப் பார்க்கிறார்கள் என்று அறிவித்தார். பிரெய்டு சோதித்தார். காந்தம் இல்லாதபோதும், இருக்கிறது என்று நம்பியவர்களுக்குச் சுடர் தெரிந்தது. காந்தத்தை மறைத்து வைத்தபோது, இருப்பது தெரியாதவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. மனம் உடம்பை எந்த அளவுக்கு ஆள்கிறது என்று காட்டி ஒரு நூலாக எழுதினார்.

தன்னையே சோதித்துக்கொண்டதும் உண்டு. 1844 செப்டம்பரில் கடுமையான வாத வலி வந்து கழுத்தையும் மார்பையும் அசைக்க முடியாமல் தவித்தார். நண்பர்கள் இருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, தன்னைத் தானே அறிதுயிலில் ஆழ்த்திக்கொண்டார். 9 நிமிடம் கழித்து எழுப்பினார்கள். வலி போயிருந்தது. டாக்டரும் அவரே, நோயாளியும் அவரே. இதில் யார் யாரை வசியம் செய்தார்கள்?

இந்தியாவிலிருந்து வந்த செய்திகள்

இதே காலத்தில் நம் நாட்டிலும் ஒரு பெரிய சோதனை நடந்தது. வங்காளத்தின் ஹூக்ளியில் கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டரான ஜேம்ஸ் எஸ்டெய்ல், 1845 ஏப்ரலில் ஒரு கைதிக்கு மெஸ்மெரிச முறையில் வலி தெரியாமல் சிகிச்சை செய்தார். சில மாதங்களிலேயே இப்படிப் பல டஜன் அறுவைகள். யானைக்கால் நோயால் வளர்ந்த பெரிய கட்டிகளையும் எடுத்தார். அரசு குழு அமைத்து விசாரித்தது, 1846இல் கல்கத்தாவில் அதற்கென ஒரு மருத்துவமனையும் கொடுத்தது. ஆனால் ஈதரும் குளோரோஃபார்மும் கப்பலேறி வந்ததும் கதை மாறியது. மணிக்கணக்கில் தடவிக் கொடுத்து ஒருவரைத் துயிலவைப்பதைவிட, சில நிமிடத்தில் மயக்கும் மருந்து எளிது, எல்லோருக்கும் பலிக்கும். எஸ்டெய்ல் கடைசிவரை காந்தத் திரவத்தை நம்பினார். விளைவு மெய், விளக்கம் பிழை.

பிரெய்டுக்கு இந்தியா மீது இன்னொரு ஆர்வமும் இருந்தது. லாகூரில் மன்னர் ரஞ்சித் சிங் முன்னிலையில் ஒரு பக்கிரி பல வாரம் புதைந்து கிடந்து உயிரோடு எழுந்தார் என்ற செய்தியைக் கேட்டு, நேரில் பார்த்ததாகச் சொன்ன அதிகாரிகளிடமிருந்து கடிதங்கள் திரட்டி 1850இல் ஒரு நூல் வெளியிட்டார். ஏமாற்று என்று ஒதுக்கவும் இல்லை, அற்புதம் என்று கும்பிடவும் இல்லை. சில விலங்குகள் குளிர்காலம் முழுக்க உறங்கிக் கிடப்பதுபோல மனித உடம்பாலும் முடியுமா என்று கேட்டார்.

1859 டிசம்பரில் பாரிசின் அறிவியல் கழகத்தில், டாக்டர் புரோக்கா அறிதுயிலில் செய்த ஓர் அறுவை பற்றிய அறிக்கை வாசிக்கப்பட்டது. போர்தோ நகரத்து டாக்டர் அசாம், பிரெய்டின் முறையைப் படித்து அவருக்குச் சொல்லியிருந்தார். தன் ஊரில் மறுக்கப்பட்ட மேடை இன்னொரு நாட்டில் கிடைத்த செய்தி பிரெய்டுக்கு எட்டியது. மகிழ்ந்து தன் கருத்துகளைத் தொகுத்து அசாமுக்கு அனுப்பினார். சில மாதங்களில், 1860 மார்ச் 25 அன்று, திடீரென்று காலமானார். வயது 64. அவர் விட்ட இடத்திலிருந்து ஃபிரான்சில் லியேபோ, பெர்ன்ஹைம், ஷார்க்கோ ஆகியோர் தொடர்ந்தார்கள். ஷார்க்கோவிடம் பாடம் கேட்கப் போனவர்களில் ஒருவர்தான் இளம் ஃப்ராய்டு.

இன்று நமக்கு

பிரிட்டிஷ் மருத்துவர் சங்கம் 1955இலும் அமெரிக்க மருத்துவர் சங்கம் 1958இலும் இதை மருத்துவக் கருவியாக ஏற்றன. 1984இல் டாக்டர் வோர்வெல் குழுவினர், எந்த மருந்துக்கும் கட்டுப்படாத குடல் எரிச்சல் நோய் இருந்த 30 பேரை இரு பிரிவாக்கிச் சோதித்தார்கள். அறிதுயில் சிகிச்சை பெற்றவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். அது நடந்த ஊர் எது தெரியுமா? பிரெய்டின் மான்செஸ்டர். பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1992 முதல், குறைந்த அளவு மருந்தோடு அறிதுயிலைச் சேர்த்து ஆயிரக்கணக்கான அறுவைகள் செய்திருக்கிறார்கள். 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அறிதுயிலில் இருந்தவர்களின் கையை வெந்நீரில் வைத்து, வேதனை குறைகிறது என்று சொன்னபோது, வலியின் வேதனையை உணரும் மூளைப் பகுதியின் செயல்பாடே மாறியதைப் படம் பிடித்துக் காட்டினார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது டாக்டர் இதைப் பரிந்துரைத்தால் இவற்றை நினைவில் வையுங்கள். நீங்கள் நினைவிழக்க மாட்டீர்கள், பேசுவது காதில் விழும், வேண்டாம் என்றால் எழுந்து வந்துவிடலாம். எல்லோருக்கும் ஒரே அளவில் பலிக்காது. சிலர் எளிதில் ஆழ்வார்கள், சிலருக்கு ஒட்டவே ஒட்டாது. மறந்துபோன பழைய நினைவுகளைத் தோண்டி எடுப்பதாகச் சொன்னால் நம்பாதீர்கள். அப்படி வருபவை பொய் நினைவுகளாகவும் இருக்கலாம். மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் முயலக் கூடாது. செய்பவர் மனநல மருத்துவரா, பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள். எல்லா நோயும் தீரும் என்று யாராவது சொன்னால், அந்த முறையைக் கண்டவரே அப்படிச் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

இப்போது அந்த இரண்டு சொற்களுக்கு வருவோம். மனவசியம் என்றால் ஒருவர் இன்னொருவரைத் தன் வசப்படுத்துவது. அது மெஸ்மரின் கொள்கை. அறிதுயில் என்பது பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமாளின் துயிலுக்கு நம் முன்னோர் வைத்த பெயர். துயில்வதுபோல் தெரியும், ஆனால் எல்லாவற்றையும் அறிந்தபடி இருக்கும் நிலை. பிரெய்டுக்குத் தான் வைத்த பெயரே பின்னால் உறுத்தியது. பெரும்பாலோர் உண்மையில் தூங்குவதில்லை, ஒரே எண்ணத்தில் மனம் ஒன்றியிருக்கிறார்கள் என்று கண்டு, 1847இல் ஒற்றை எண்ணம் என்று பொருள்படும் வேறு பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவரப் பார்த்தார். அதற்குள் ஹிப்னாட்டிசம் ஊரெல்லாம் பரவிவிட்டது, மாற்ற முடியவில்லை. அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் அந்தக் கவலையே வந்திருக்காது.

அடுத்த இதழில் சந்திப்போம்.